தலைநகரத்துச் சூரியன்

2004 மே 25, செவ்வாய்க்கிழமை. நாற்பத்தோராண்டு உடன்வாழ்ந்த கணவருக்காகத் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து துக்கம் காக்க, சுலேமா கிளெய்மானுக்கு அன்று ஒதுக்கப்பட்ட காலம் நாற்பத்து நான்கு நிமிடம். அந்த நாற்பத்து நான்கும் தவறான கணக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. ஏனெனில் அன்று அவ்வீட்டில் கூடியிருந்தவர்களுள் ஒருவர்கூட அதை அவளுக்காகச் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அவள் வில்லா நாஹூம் ஊரின் சதுக்கத்தில், கொதிக்கும் பானை ஒன்றின் முன் நின்றுகொண்டிருந்தாள். மே மாதமே குளிர் தொடங்கிவிடும் தென்கோளத்து நாடு; அன்று அதன் விடுதலை விழா. பள்ளிப் பிள்ளைகள் மார்பில் நீலமும் வெள்ளையுமான நாடாப்பூவைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சோளமும் பூசணியும் இறைச்சியும் சேர்ந்து வெந்த கூழை அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தவர், பிறப்பு இறப்புப் பதிவாளர் ஒசோரியோ.

“கேள்விப்பட்டேன் சென்யோரா. மனசே ஆறல. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்த உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன் இனிமே இந்த ஊருக்கு வரப்போறதில்ல. ஆனா இன்னைக்கு ஆபீஸ் லீவு. நாளைக்கு ஏழு மணிக்கு முதல் ஆளா வாங்க, அடக்க அனுமதியில கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்.”

“நாளைக்கு எங்களுக்குப் பண்டிகை.”

“அப்ப வியாழக்கிழமை.”

“அன்னைக்கும் பண்டிகைதான்.”

ஒசோரியோ அகப்பையை நிறுத்தினார். “அப்படின்னா வெள்ளிக்கிழமை. குளிர்காலந்தானே, சென்யோரா. ஒண்ணும் ஆயிடாது.”

உடன் வந்திருந்த அண்டை வீட்டுச் செலியா அவள் முழங்கையைப் பிடித்து இரண்டடி தள்ளி அழைத்துப்போனாள். செலியாவுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது, அன்று முயன்றாள்.

“அந்த ஆளு சொல்றதும் உனக்கு நல்லதுதாண்டி. யோசிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணா அன்னையிலருந்து ஏழு நாள் முழுசா உக்காரலாம். ஊரே வரும், சோறு கொண்டாரும், நீ பாட்டுக்கு அழலாம். இன்னைக்குப் பண்ணினா என்ன ஆகும்? சாயங்காலம் ஷவுவோத் பண்டிகை வந்து ஏழு நாளையும் ஒரே வாயில முழுங்கிடும்.”

செலியா சொன்னது யூதச் சட்டப்படி சரி. அடக்கம் முடிந்து வீடு திரும்பி, சூரியன் மறைந்து பண்டிகை பிறக்கும் முன் ஒரு கணமேனும் துக்கத்தில் அமர்ந்துவிட்டால், பிறக்கும் பண்டிகை மிச்ச நாள்கள் அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடும். மலையில் சட்டம் அருளப்பட்ட நாளில் ஒரு வீடு மட்டும் அழுதுகொண்டிருத்தல் ஆகாது என்பது முன்னோர் தீர்ப்பு. சட்டத்தின்மேல் இங்கே வழக்கில்லை.

சுலேமா பானையைப் பார்த்தாள். ஏழு நாள். ஒன்பது மாதமாக அவள் அழவில்லை, அழ நேரமில்லை. மருந்து, படுக்கை விரிப்பு, கஞ்சி, மறுபடியும் மருந்து. அந்த ஏழு நாளைத்தான் அவள் மனத்துக்குள் ஒரு கரைபோலப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

“மூணு நாள் அவரைப் போட்டு வைக்கவா?” என்றாள். “ரயில் மூணு நிமிஷம் லேட்டானாலே சாப்பாட்டைத் தொடமாட்டாரு.”



சுலேமா திரும்பிப்போய் ஒசோரியோவின் கையிலிருந்த அகப்பையை வாங்கிச் செலியாவிடம் நீட்டினாள். “இவ கிண்டுவா. நீங்க சாவியை எடுங்க.”

“அடிப்பாவி! பன்னி எலும்பு கெடக்குற பானையை என்னைக் கிண்டச் சொல்றியே!”

“கிண்டத்தானே சொன்னேன், திங்கவா சொன்னேன்?”

ஒசோரியோ சாவியை எடுத்தார். அரை மணி நேரத்தில் முத்திரையிட்ட அனுமதித்தாள் அவள் கையில் இருந்தது. ஏழு நாளைக் கொடுத்து அதை வாங்கினாள் என்பது ஒசோரியோவுக்குத் தெரியாது. செலியாவுக்குத் தெரியும்.

சமையலறைக் குழாயில் துணிமூட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கென்று திங்கள் மாலை திரைத்த பால். அடுத்த அறையில் கணவர் நத்தாலியோ மூச்சுவிடத் திணறிய நேரம் முழுதும் அது சொட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குச் சற்று முன் அவர் மூச்சு நின்ற பிறகும் சொட்டியது. சுலேமா அதை அவிழ்த்துச் செலியாவிடம் கொடுத்தாள்.

“எடுத்துட்டுப் போ. புளிச்சிடும்.”

“பாலாடைக்கட்டி வச்சுப் பிளின்ட்சஸ் சுட்டுக் கொண்டாரேன்.”

“எங்களுக்கு வேணாம்.”

“வேணாம்னா என்ன? பண்டிகை அதுபாட்டுக்கு வரத்தான் போவுது.”

அவள் போன பிறகு சுலேமா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின்முன் நின்றாள். ஜெப ஆலயத்திலும் இதே நாட்காட்டிதான். ஊரில் மிஞ்சியிருக்கும் யூத வீடுகள் அனைத்திலும் இதேதான். தலைநகர்ச் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் அச்சிட்டு அனுப்புவது. மே 25-க்கு நேரே இருந்தது: சூரியன் மறைவு, மாலை 5.54. கட்டம் வெறுமையாக இருந்தது. ஏதோ குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்ன குறை என்று நினைத்துப் பார்ப்பதற்குள் பிணத்தைக் குளிப்பாட்டுவோர் கதவைத் தட்டிவிட்டார்கள்.

மகன் ஃபாபியான் ரொசாரியோ நகரிலிருந்து பதினொரு மணிக்கு வந்தான். தாயைக் கட்டிக்கொண்டான். தந்தை கிடத்தப்பட்டிருந்த அறை வாசலில் சற்று நேரம் நின்றான், உள்ளே போகவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து, இருந்த மூன்று கோப்பைகளையும் கழுவினான்.

“தோன் எலியாஸை வழியில பாத்தேம்மா. இன்னைக்கே அடக்கம்னா ஏழு நாள் கெடையாதாமே.”

“கெடையாது.”

“அப்ப நான் நாளைக்கு மத்தியானமே கிளம்பிடலாம். கடையில ஆள் இல்ல.” கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “ஒரு விதத்துல நல்லதும்மா. ஏழு நாள் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்து நீ என்னத்தைப் பண்ணப்போற?”

சுலேமா அந்தக் கோப்பையை அவனிடமிருந்து வாங்கி, ஏற்கெனவே உலர்ந்திருந்ததை மறுபடியும் துடைத்தாள்.

‘தோன்’ என்று ஊர் மரியாதையோடு அழைக்கும் எலியாஸ் ஷுல்மானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ரப்பி என்னும் மதகுரு இல்லாமல் போய் இருபத்திரண்டு ஆண்டுகள். மருந்துக்கடைக்காரரான எலியாஸே அன்று முதல் தொழுகையை நடத்துகிறார், சட்டத்தை நூலிழை பிசகாமல் காப்பவர், நேர்மையானவர். பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டுத் தொழுகை. வாரந்தோறும் அந்தப் பத்தைச் சேர்ப்பதற்கு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியே அவர் முதுகு வளைந்துவிட்டது. அன்றும் பக்கத்து ஊரிலிருந்து இருவரை வரவழைத்துப் பத்தை நிறைத்தார். ஆயினும் அன்று காலை முதல் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கைக்கடிகாரம் ஒன்றையே.

நான்கு மணிக்கு அடக்கம். காற்று யூகலிப்டஸ் மரங்களை வளைத்தது. துக்கச் சடங்காக எலியாஸ் சிறு கத்தியால் சுலேமாவின் மேலுடைக் கழுத்தோரத்தில் ஒரு கீறல் போட, மிச்சத்தை அவளே பிடித்துக் கிழித்தாள். துணி கெட்டியாக இருந்தது. இரண்டாம் முறை இழுத்த பிறகே கிழிந்தது. ஃபாபியான் இறந்தவருக்கான கத்தீஷ் மன்றாட்டைச் சொல்லும்போது ஓரிடத்தில் தடுமாறினான். எலியாஸ் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு மணி பார்த்தார்.

“மண்ணு, மண்ணு. சீக்கிரம் போடுங்கப்பா. வீட்டுக்குப் போய் உக்காரணுமில்ல.”

“தோன் எலியாஸ், அவரு எங்கயும் ஓடிடமாட்டாரு” என்றார் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். ஒருவரிருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வீடு திரும்பியபோது மணி ஐந்து பத்து. துக்கவீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியிட்டு மூடியிருந்தார்கள். சுலேமாவுக்குப் பால் கறக்கும் பழைய முக்காலி. ஃபாபியானுக்குக் கவிழ்த்துப்போட்ட பால்பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் அமர்ந்தார்கள். செலியா அவித்த முட்டையையும் ரொட்டியையும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். துக்கவீட்டின் முதல் உணவு அடுத்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அழலாம் என்று அவள் நினைத்தாள். ஆனால் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் நின்றபடியே ஆறுதல் சொல்லிவிட்டு, பண்டிகைக்குக் குளித்து உடைமாற்ற ஓடினார்கள். ஜெப ஆலயத்தைத் தழைகளால் அலங்கரிக்க வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும். கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் குளிர் உள்ளே வந்தது. முட்டையை அவள் கையிலேயே வைத்திருந்தாள்; அது சூடாக இருந்தது, பிறகு வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு கல்போல் ஆகிவிட்டது.

அறையில் ஆளொழிந்தபோது மணி ஐந்து ஐம்பது. அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். எதிர்ச்சுவரோரம் நத்தாலியோவின் நாற்காலி. அதன் கைப்பிடியில் அவர் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வெளுத்த இடம். சுலேமா அதைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. தோன் எலியாஸ், பண்டிகைத் தொப்பியோடு, கையில் ஒரு யூகலிப்டஸ் கிளையோடு.

“சுலேமா. ஃபாபியான். நேரமாச்சு.” மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “அஞ்சு அம்பத்திநாலு. பண்டிகை பொறந்தாச்சு. எந்திரிங்க. செருப்பைப் போட்டுக்கங்க. இனிமே உக்காந்திருக்கக் கூடாது.”

ஃபாபியான் எழுந்து காற்சட்டையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான். “வாம்மா.”

சுலேமா எழவில்லை.

“அம்மா, கேட்டுச்சா?”

“தோன் எலியாஸ்,” என்றாள் சுலேமா. அவள் பார்வை தரையில் இருந்தது. “காலைக் கொஞ்சம் நகத்துங்க.”

எலியாஸ் குனிந்து பார்த்தார். மேற்குச் சன்னல் வழியாக நீண்டு வந்து கிடந்த வெயிலின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். சிவப்புத் தரைக்கல்லில் அது ஆரஞ்சுச் சுளைபோல் ஒளிர்ந்தது. அவர் ஓரடி விலகியதும் அது நத்தாலியோவின் நாற்காலிக்காலைத் தொட்டது.

“கேலண்டர்ல அஞ்சு அம்பத்திநாலுன்னு போட்டிருக்கு.”

“அது தலைநகரத்துச் சூரியன்.”

எலியாஸின் முகம் மாறியது. அந்தச் சொற்களை அவர் முதன்முறையாகக் கேட்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஜெப ஆலயத்தின் பின்வரிசையிலிருந்து, நத்தாலியோவின் குரலில் கேட்டுவந்த சொற்கள்.

“ஃபாபியான், உங்கப்பா மேசை. ரெண்டாவது டிராயர். போன வருஷத்துக் கேலண்டர் கெடக்கும், எடுத்துட்டு வா.”

அவன் கொண்டுவந்தான். மே மாதப் பக்கம். மாலையில் ஓய்வுநாள் பிறக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும், அச்சிட்ட நேரத்துக்குப் பக்கத்தில், ரயில்வேயில் கொடுக்கும் சிவப்புப் பென்சிலால் ஓர் எண். மே 23-க்கு நேரே: 20.

ரயில் வந்துகொண்டிருந்த காலத்தில் நத்தாலியோ ஓராண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் நடைமேடையின் மேற்குக்கோடியில் நின்று, வயல்வெளிக்கப்பால் சூரியன் விழும் நேரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதினார். டிசம்பரில் தலைநகரைவிட நான்கு நிமிடம் பிந்தும். மே கடைசியில் இருபது. அன்று முதல் ஆண்டுதோறும் யூதப் புத்தாண்டையொட்டிச் செப்டம்பரில் நாட்காட்டி தபாலில் வந்ததும், ஜெப ஆலயத்து நாட்காட்டியையும் ஊரார் நாட்காட்டிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு இரவு உணவுக்கு முன் குறிப்பார். எலியாஸ் முணுமுணுப்பார், ஆனாலும் குறித்ததைத்தான் பின்பற்றுவார். கடந்த செப்டம்பரில் நத்தாலியோ மருத்துவமனையில் கிடந்தார். நாட்காட்டிகள் வெறுமையாகவே சுவரேறின. ஒன்பது மாதமாக ஊர் முழுதும் தலைநகரத்துச் சூரியனைப் பார்த்துப் பண்டிகை கொண்டாடியது. தாளின் அடியில், ‘தலைநகருக்குரிய நேரம்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டே இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவரும் படிக்கவில்லை. நோயாளியை ஓய்வொழிச்சலின்றிக் கவனித்த மனைவி படிக்கவில்லையென்றால் மன்னிக்கலாம். மற்றவர்களை எப்படி மன்னிப்பது?

“முன்னாடியே பண்டிகையை ஏத்துக்கிட்டா தப்பில்ல, சுலேமா,” என்றார் எலியாஸ் மெதுவாக. “சட்டம் அனுமதிக்குது. புண்ணியமுங்கூட.”

“ஏத்துக்கிறவங்க ஏத்துக்கட்டும்.” அவள் குரல் உயரவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரைப் போட்டு வச்சிருந்தா எனக்கு ஏழு நாள் இருந்திருக்கும். நான் வைக்கல. இந்த இருபது நிமிஷத்தை நான் யாருகிட்டயும் கேக்கல, தோன் எலியாஸ். இது அவரு எழுதி வச்சிட்டுப் போனது.”

செலியா வாசலில் பிளின்ட்சஸ் தட்டோடு நின்றிருந்தாள். 

எலியாஸ் சன்னலருகே போனார். வெளியே, வேலிக்கப்பால், சோளத்தாள் நின்ற வயலின் மேல் சூரியன் முழுவட்டமாக நின்றது. நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கிளையைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அவர் சட்டைப்பையைத் தடவும் ஓசை கேட்டது. எதுவும் அகப்படவில்லை போலும். திரும்பி வந்து, நத்தாலியோவின் மேசை இழுப்பறையை அவராகவே திறந்து, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.

பண்டிகை பிறந்துவிட்டால் எழுதுவது குற்றம். ஓர் எழுத்தோ, ஒரு புள்ளியோ கூடாது. பேரப்பிள்ளை பண்டிகை நாளில் சாக்குக்கட்டியைத் தொட்டதற்கே தெருவெங்கும் கேட்கக் கத்தியவர் எலியாஸ்.

திறந்திருந்த கதவு வழியாக எல்லோரும் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்த ஆண்டு நாட்காட்டியில், 5.54-க்குப் பக்கத்தில், எண்ணை நிதானமாக எழுதினார். இரண்டு. பூச்சியம். பென்சிலைப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய், வேலியோரம், மேற்கு நோக்கி நின்றார்.

ஃபாபியான் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பழைய நாட்காட்டியின் பக்கங்களைப் புரட்டினான். ஏப்ரல், மார்ச், பிப்ரவரி. எல்லாவற்றிலும் சிவப்பு எண்கள். பிறகு அதை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த பெட்டியில் மறுபடியும் அமர்ந்தான்.

யாரும் வரவில்லை. கதவு திறக்கவில்லை. சுலேமா முட்டையை உரித்தாள். ஓடுகளை ஒவ்வொன்றாக மடியில் சேர்த்தாள். பாதியைப் பிட்டு மகனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கியபோது அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தன் கையை மட்டும் அவன் முதுகின்மேல் வைத்தாள். அவள் முகத்தில் வழிந்ததை அவள் துடைக்கவுமில்லை.

வெயில் நாற்காலியின் காலிலிருந்து கைப்பிடிக்கு ஏறியது. வெளுத்த இடத்தில் சற்று நின்றது. அங்கிருந்து சுவருக்குப் போய், சிவந்து, மெலிந்தது.

வேலியோரம் நின்ற எலியாஸ் திரும்பி வீட்டைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பண்டிகை பிறந்தால் தொடக்கூடாத பென்சிலை வேலிக்கம்பத்தின் தலையில் வைத்துவிட்டு, ஜெப ஆலயத்தை நோக்கி நடந்தார்.

ஆகவே, துக்கவீட்டு வாசலில் நின்று ‘நேரமாகிவிட்டது, எழுந்திரு’ என்று சொல்ல வாயெடுப்பவர் நீங்களாக இருந்தால், கையிலுள்ள தாளை மடித்துப் பையில் வையுங்கள். வெளியே போங்கள். மேற்கே பாருங்கள். சூரியன் இன்னும் நின்றால், நீங்களும் வாய்மூடி நில்லுங்கள்.